நவஜீவன் வருது... ஜன்னலைச் சாத்து!

எங்க வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் இரண்டே இரண்டு காகிதம். ஒன்று, 1994 செப்டம்பர் கடைசியில் மெட்ராஸ் சென்ட்ரலில் ரயில் டிக்கெட்டை ரத்து செய்ததற்கான ரசீது. எழுத்தெல்லாம் அழிந்துபோய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் ஏதோ தெரியும். இன்னொன்று, 2020 ஏப்ரல் மாதப் பயணத்துக்கான டிக்கெட்டின் பிரின்ட் அவுட். அது பளிச்சென்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஊருக்குத்தான். காசிக்கு. இரண்டுமே போகாத பயணம்!

நான் பி.காம். படித்தவன். நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் இப்படிப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். எதையும் பற்று, வரவு என்று பார்த்தே பழகிவிட்டது. ஆனால் இந்தக் கவரை ஐந்தொகையில் எந்தப் பக்கம் வைப்பது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. 'வராக்கடன்' என்று தள்ளுபடி செய்யலாம் என்றால் அப்பா விடமாட்டார்.

எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி. ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே வீடு. சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் அப்பாவுக்கு வேலை. 1994-ல் எனக்கு ஆறு வயசு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு காசிக்குக் கிளம்புவது என்று அப்பாவும் அவரோட ஷிப்ட் கூட்டாளிகளும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாலு குடும்பம், பதினாலு டிக்கெட். நான் அரை டிக்கெட்.

இந்த யாத்திரைக்கு மூலகாரணம் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர். ஆந்திரா எல்லை தாண்டி, ரயிலில் 35 கிலோமீட்டர் தள்ளி, சூலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கயாவில் காரியம் செய்யணும், காசியில் ஒரு முழுக்குப் போடணும் என்பது அத்தையின் ஆசை. "தம்பி, நீ கூட வந்தா நான் எமலோகத்துக்கே வருவேன்டா, காசி என்ன பெருசு?" என்பார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பது அவர் வழக்கம். நான் முழுசாகத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் பாதியைத் தெலுங்காக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பார்கள் இல்லையா? (விவரம் தெரிந்தவர்கள், 'அது காசியில் இல்லை, கயாவில், அட்சய வடம் என்ற ஆலமரத்தடியில்' என்று திருத்துவார்கள். நம்ம ஊரில் எல்லாம் சேர்த்துக் 'காசியில் விட்டது'தான்.) பெரும்பாலானவர்கள் பாகற்காயை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பெருமை பேசுவார்கள். அத்தை அப்படி இல்லை. "நான் மாம்பழத்தை விடப்போறேன்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். சூலூர்பேட்டையில் இருந்துகொண்டு! கோடை வந்தால் பங்கனபள்ளி கூடை கூடையாக இறங்குகிற பக்கம் அது. அத்தை ஒரே உட்காரலில் நாலு சாப்பிடுகிறவர். வீடே அதிர்ச்சியில் வாயைப் பிளந்தது.

அப்புறம்தான் பிளேக் வந்தது.

ஆகஸ்ட் மாதமே மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்து மாம்லா கிராமத்தில் எலி செத்து விழுந்தது, ஆட்களுக்கு நெறி கட்டியது என்று செய்தி. எங்க ஊரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. செப்டம்பர் மூன்றாவது வாரம் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்றதும் தேசமே ஆடிப்போனது. ஜவுளி மில்லிலும் வைரப் பட்டறையிலும் வேலை பார்த்த ஜனங்கள் சில நாளில் லட்சக்கணக்கில் ஊரைக் காலி செய்துகொண்டு கிடைத்த ரயிலில் ஏறினார்கள். மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை மாயமாய் மறைந்தது. காய்ச்சல் வந்தவனுக்குக் கிடைக்கவில்லை. வராதவன் வீட்டு அலமாரியில் அட்டை அட்டையாக இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். அகமதாபாத்திலிருந்து சென்னைக்கு வரும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் சூரத் வழியாகத்தான் வரும். வந்து, விஜயவாடா, கூடூர் தாண்டி, எங்க வீட்டை ஒட்டித்தான் சென்ட்ரலுக்குப் போகும். கும்மிடிப்பூண்டியில் நிற்காது. ஆனால் எங்க பாட்டிக்கு அந்த விவரமெல்லாம் தேவையில்லை. தூரத்தில் ஹாரன் கேட்டால் போதும், "நவஜீவன் வருது, ஜன்னலைச் சாத்துங்க!" என்று கத்துவாள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வோம். அது நவஜீவனா, கூட்ஸ் வண்டியா என்றுகூடப் பார்ப்பதில்லை. நவஜீவன் என்றால் 'புது வாழ்வு' என்று அர்த்தம். கட்டிலுக்கு அடியில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் பிள்ளையார் சதுர்த்தி. மூஞ்சூறுக்கும் சேர்த்துக் கொழுக்கட்டை வைத்த அதே பாட்டி, எலிப்பொறி இரண்டு வாங்கிவரச் சொன்னாள்.

அப்பாவின் கூட்டாளிகளில் முதலில் ஒருவர் பின்வாங்கினார். அப்புறம் இன்னொருவர். "சூரத்து எங்க இருக்கு, காசி எங்க இருக்கு? நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குப்பா" என்று அப்பா ஸ்கூல் அட்லஸை விரித்து வைத்துச் சொல்லிப் பார்த்தார். "வடக்குதானே?" என்று கேட்டார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? வடக்குதான். பதினாலு டிக்கெட்டையும் சென்ட்ரலில் கியூவில் நின்று ரத்து செய்துவிட்டு வந்தார். பிடித்தது போக மீதியைக் கொடுத்தார்கள். அந்த ரசீதுதான் பீரோவில் இருப்பது.

இந்த 'வடக்குதானே'வை அப்பா ஆயுசுக்கும் கிண்டல் செய்தார். ஆனால் அன்றைக்கு உலகமே அதைத்தான் செய்தது. 'இந்தியாதானே?' என்றது. வளைகுடா நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின. பல ஊர்களில் இந்தியாவிலிருந்து போய் இறங்கியவர்களைத் தனியாக ஓரங்கட்டிப் பரிசோதித்தார்கள். போக்குவரத்தைத் தடை செய்ய வேண்டிய அவசியமில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. யார் கேட்டார்கள்? பிளேக் வந்தது சூரத்தில். ஆனால் வெளிநாட்டுக்காரன் வரைபடத்தில் சூரத்தும் ஒரு புள்ளி, மகாபலிபுரமும் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரே பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைத்தான் அவன் ரத்து செய்வான்.

கடைசியில் சூரத்தில் இறந்தவர்கள் அறுபது பேருக்கும் குறைவு. ஏற்றுமதி, சுற்றுலா எல்லாம் சேர்த்து தேசத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 200 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எங்க காமர்ஸ் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் கணக்கில் மதிப்பு இருக்கும். சுற்றுலாத் தொழிலில் முக்கால்வாசிச் சொத்து இந்த நற்பெயர்தான். ஒரு மாடி லாட்ஜ் கட்ட மூணு வருஷம் ஆகும். அதைக் காலி செய்ய ஒரு நாள் தலைப்புச் செய்தி போதும்.

(சூரத்துக்கு மட்டும் ஒரு நல்லது நடந்தது. 1995-ல் அங்கே எஸ்.ஆர்.ராவ் என்ற அதிகாரி மாநகராட்சி ஆணையராக வந்து, ஊரைக் கூட்டிப் பெருக்கிக் கழுவி, நாட்டிலேயே சுத்தமான நகரங்களில் ஒன்றாக்கிவிட்டார். நம்ம பக்கமும் ஒரு பிளேக் வந்திருக்கலாமோ என்று தோன்றும். வாயைக் கழுவிக்கொள்கிறேன்.)

நோய்க்கும் பயணத்துக்கும் உள்ள தகராறு இன்று நேற்றைய விஷயம் இல்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது மறு வருஷமே வெள்ளைக்காரன் தொற்றுநோய்ச் சட்டம் போட்டான். மதராஸ் மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சமாச்சாரம் இருந்தது தெரியுமோ? நோய் உள்ள ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர் கையில் அந்தச் சீட்டைக் கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் அவர் தினமும் ஆஜராகி, 'நான் நல்லாத்தான் இருக்கேன் ஐயா' என்று முகத்தைக் காட்டிவிட்டு வரணும். பத்து நாளைக்கு! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, அம்மை குத்தித்தான் கப்பல் ஏற்றினார்கள். 2020-ல் நாமெல்லாம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தவம் கிடந்தோமே இ-பாஸ், அதற்குக் கொள்ளுத் தாத்தா இந்தச் சீட்டுதான். சட்டமும் அதே 1897 சட்டம்தான்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். காசிப் பயணம் ரத்தானதும் அடுத்த கோடையில் அப்பா ஒரு கூடை பங்கனபள்ளியை எடுத்துக்கொண்டு சூலூர்பேட்டைக்குப் போனார். அத்தை தொடவில்லை.

"அக்கா, நாமதான் காசிக்கே போகலையே?"

"நான் போகலைடா. சொல்லு போயிடுச்சில்ல?"

அன்றோடு நிறுத்தியவர்தான். நாங்கள் எதிரில் உட்கார்ந்து முழங்கை வரை சாறு வழியச் சாப்பிடுவோம். அவர் கொட்டையை எண்ணி, "யார்டா அது அஞ்சு?" என்று கேட்பார். கொசுறாக ஒரு துண்டுகூட வாயில் போட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் 'அடுத்த வருஷம் போகலாம்க்கா' என்பார் அப்பா. ஒரு வருஷம் தங்கச்சி கல்யாணம், ஒரு வருஷம் ஆலையில் லே-ஆஃப், ஒரு வருஷம் பாட்டி போய்விட்டாள். அத்தையும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

2019 டிசம்பரில் நானே முடிவெடுத்தேன். வூகான் என்ற பெயரை எங்க தெருவில் யாரும் கேள்விப்படாத நேரம். அப்போதெல்லாம் 120 நாள் முன்னதாக முன்பதிவு செய்யலாம். பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டர்காரரிடம் சொல்லி, ஏப்ரல் மாதம் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பெர்த் எடுத்தேன். அத்தைக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "லோயர் பெர்த்தா?" என்றார்.

லோயர் பெர்த்தேதான்.

மார்ச் 22-ல் பயணிகள் ரயிலெல்லாம் நின்றது. மார்ச் 25-ல் ஊரடங்கு. ரயில்வே டிக்கெட் பணத்தை முழுசாகத் திருப்பிப் போட்டது. பிரவுசிங் சென்டர்காரர் தன் கமிஷனைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவரும்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

எங்க எதிர்வீட்டில் ஒரு வேன்காரர் இருக்கிறார். அண்ணன் முறை. வாரநாளில் சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆள்களை ஏற்றி இறக்குவார். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில். ஆறு செவ்வாய் போனால் சொந்த வீடு அமையும் என்று நம்பிக்கை, அதனால் ஆறு வாரத்துக்கு நிச்சய சவாரி! சனி ராத்திரி திருப்பதி. நடுவில் திருத்தணி, பழவேற்காடு, திருவள்ளூர் வீரராகவர். சுற்றுலாத் தொழில் என்றால் நாம் ஐந்து நட்சத்திர ஓட்டலையும் ஏரோப்ளேனையும்தான் நினைக்கிறோம். இந்த மாதிரி இருபது சீட்டு வேனும், அது நிற்கிற இடத்தில் டீக்கடையும், கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுகிற பாட்டியும்தான் நிஜத்தில் அந்தத் தொழில்.

2020 மார்ச் 20 முதல் திருமலையில் தரிசனம் நின்றது. ஜூன் 11-ல் பொதுமக்களுக்குத் திறந்தபோது நாளைக்குச் சுமார் 6,000 பேர்தான். சாதாரண நாளில் அங்கே 60,000-க்கும் மேல் போகும் கூட்டம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு 'வைத்திய வீரராகவர்' என்றே பேர். தீராத நோய் தீரணும் என்று வேண்டிக்கொண்டு அமாவாசைக்கு அமாவாசை வந்து, திருக்குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்த வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 20. குளக்கரையில் ஈ காக்காய் இல்லை. உலகத்துக்கே வியாதி வந்த வருஷம் பார்த்து வைத்தியர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது!

பெரிய கணக்கையும் பார்த்துவிடலாம். 2019-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம். 2020-ல் 27 லட்சம். 2021-ல் 15 லட்சம். உலகம் முழுக்க 2019-ல் எல்லை தாண்டி ஊர் சுற்றியவர்கள் ஏறக்குறைய 146 கோடி என்றால், மறு வருஷம் சுமார் 40 கோடி. இந்த நம்பர்களைச் சொன்னபோது வேன்காரர், "எனக்கு ஏப்ரல் மாசம் சைபர் தம்பி. அதை உங்க லிஸ்ட்ல சேர்த்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு வேன் கடன் ஆறு லட்சம் பாக்கி, வட்டி 12 சதவீதம். ரிசர்வ் வங்கி முதலில் மூணு மாசம், அப்புறம் மூணு மாசம் என்று ஆகஸ்ட் வரை தவணை கட்டாமல் இருக்க அவகாசம் கொடுத்தது. தெருவில் பாதிப் பேர் அதைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். நான்தான் வேன்காரரின் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். "அண்ணே, தவணைதான் நிக்குது. வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துக்கு 36,000. அந்த வட்டி அசல்ல சேரச் சேர, அதுக்கும் வட்டி. அது ஒரு 912 ரூபா."

"வண்டி நிக்குது, தவணை நிக்குது. வட்டிக்கு மட்டும் லாக்டவுன் இல்லையா?"

இல்லை. அது அத்தியாவசியச் சேவை போலிருக்கிறது! கோர்ட், கேஸ் என்று போய், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. நவம்பர் மாதம் வேன்காரர் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி, கவர்மென்ட் ஏதோ பணம் போட்டிருக்கு!" 912 ரூபாய்தான். பைசா சுத்தமாக வந்திருந்தது. எனக்குத்தான் ரொம்ப சந்தோஷம், என் கணக்கு சரியாக இருந்ததே!

அதற்குள் அவர் வேறு வழி பார்த்துவிட்டிருந்தார். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, எங்க மாவட்டத்திலேயே திருமழிசையில் தற்காலிகக் காய்கறிச் சந்தை போட்டார்கள் அல்லவா? வேன் சீட்டையெல்லாம் கழற்றி மாடியில் அடுக்கிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் போய் வெங்காயமும் தக்காளியும் ஏற்றிவந்து தெருத் தெருவாக விற்றார். சட்டப்படி அது செல்லுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அப்புறம் திரும்பவும் முதல் திருப்பதி சவாரி கிடைத்தபோது, ஏழு தடவை கழுவியும் வேனுக்குள் வெங்காய வாசனை போகவில்லையாம். ஏறினவர்கள் மாஸ்க்கைக் கழற்றாமலே கோவிந்தா போட்டார்கள்!

எங்க பக்கத்து லைன் வீடுகளில் வடக்கத்திப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம்... சிப்காட் பாதி இவர்கள் கையில்தான் ஓடுகிறது. அதில் ஒருவன் கயா மாவட்டத்துக்காரன். அப்பாவுக்கு அவன்மேல் தனிப் பாசம். "அங்கிள், கயா ஆவோ, நான் காட்றேன்" என்பான். வேலை நின்று, சம்பளம் நின்று, அரிசியும் தீர்ந்தபோது அம்மாதான் ஒரு மாசம் அந்த நாலு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். நெடுஞ்சாலையில் தலைமேல் மூட்டையோடு வடக்கே பார்த்து நடந்துபோனவர்களை நாங்கள் எங்க கண்ணாலேயே பார்த்தோம். அந்தக் கோடையில் ஓடிய ஷ்ரமிக் ரயில்கள் 4,600-க்கும் மேல், ஏறியவர்கள் சுமார் 63 லட்சம் பேர். மே மாதக் கடைசியில் கயாத் தம்பிக்கும் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் அப்பா சொன்னார்: "பார்றா. இருபத்தாறு வருஷமா எனக்குக் கிடைக்கலை. இவனுக்கு டிக்கெட்டே இல்லாம கயாவுக்கு ரயில்."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அதற்கப்புறம் அன்றைக்குப் பேசவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது, "அவனுக்கு வழியில சாப்பிட ஏதாச்சும் கட்டிக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 19-லிருந்து 30 வரை சென்னையோடு சேர்த்து எங்க பக்கமும் மறுபடி முழு ஊரடங்கு. அந்த லிஸ்டில் கும்மிடிப்பூண்டி பேரூராட்சியும் இருந்தது. ஜூன் 24, புதன்கிழமை விடியற்காலை அஞ்சு மணிக்கு சூலூர்பேட்டையிலிருந்து போன் வந்தது. அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா இல்லை. சர்க்கரை ரொம்ப நாளாக இருந்தது.

35 கிலோமீட்டர். வேன்காரர் சாவியோடு வாசலில் நின்றார். ஆனால் எளாவூர் சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். அந்தப் பக்கம் தடாவில் ஆந்திரா போலீஸ். நான் செல்போனில் இ-பாஸுக்கு மனுப் போட்டேன். ஆதார், வண்டி நம்பர், காரணம்: இறப்பு. இறப்புக்கு ஆதாரம் இணைக்கவும் என்றது. விடியற்காலை போன மனுஷிக்கு ஆறு மணிக்கு எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது? அத்தை மகன் ஒரு டாக்டரைப் பிடித்து, எழுதி வாங்கி, படம் எடுத்து அனுப்ப ஒன்பதரை ஆகிவிட்டது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அப்பா வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேன் வாசலிலேயே நின்றது. பின்னால் வெங்காயச் சருகு. மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு... அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடிக்கவில்லை.

இருபது பேருக்குமேல் கூடக்கூடாது, சீக்கிரம் எடுக்கணும் என்று அங்கே நெருக்கடி. இரண்டு மணிக்கு எடுத்துவிட்டார்கள். அத்தை மகன் வீடியோ காலில் காட்டினான். அப்பா வேனுக்குள் உட்கார்ந்தபடியே பார்த்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அக்கா முகம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றபோது அப்பா போனைப் பிடித்து உலுக்கினார்.

மாலை அஞ்சு மணிக்கு மேல் என் செல்போனில் மெசேஜ். பாஸ் வந்துவிட்டது.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து மனுக்களைப் பார்த்த ஏதோ ஒரு குமாஸ்தாவின் முன்னால் எங்களுடையது எத்தனையாவது சாவோ!

ராத்திரி அப்பா மொட்டைமாடிக்குப் போனார். நானும் பின்னாடியே போனேன். கூட்ஸ் வண்டி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. சரக்கு ரயிலை எப்போதும் நிறுத்தவில்லை. அப்பா கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "சரக்காப் பொறந்திருக்கலாம்டா" என்றார்.

2023 பிப்ரவரியில் போனோம். மூணு டிக்கெட்தான். கங்கா காவேரி கும்மிடிப்பூண்டியில் நிற்காது என்பதால் தெற்கே சென்ட்ரலுக்குப் போய் ஏறி, மறுபடி எங்க வீட்டை ஒட்டியே வடக்கே வந்தோம். வேன்காரர் குடும்பத்தோடு மாடியில் நின்று கையாட்டினார். சூலூர்பேட்டையைக் கடக்கும்போது அப்பா எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

காசியில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். இரண்டு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்த மொத்த இந்தியாவும் அங்கேதான் வந்து இறங்கியிருந்தது போல. படகுக்காரன் எங்களிடம் சொன்ன கட்டணத்தைக் கேட்டு அப்பா, "இதுல ரெண்டு வருஷ நஷ்டத்தையும் சேர்த்திருக்கான்" என்றார். சேர்க்கட்டுமே, அவனுக்கும் படகுக் கடன் இருந்திருக்கும்.

அங்கிருந்து கயா. எங்க கயாத் தம்பிதான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றானே? அவன் அந்த நேரம் கும்மிடிப்பூண்டியில் நைட் ஷிப்டில் இருந்தான்! 2020 கடைசியிலேயே வேலைக்குத் திரும்பி வந்துவிட்டிருந்தான். அவனுடைய அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்தார். இந்தியும் தமிழும் மோதிக்கொள்ள, "என் தம்பிக்குச் சோறு போட்டவங்க" என்று அம்மாவின் காலைத் தொட்டுவிட்டார். அம்மா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்ததில் ஒரு பசுமாட்டின்மேல் இடித்துக்கொண்டாள்.

பல்குனி ஆற்றங்கரையில் மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்தே பிண்டம் வைத்தார்கள். கடைசியாக அட்சய வடத்தடியில், பண்டா எங்களை உட்காரவைத்து, "என்ன விடறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மா கொத்தவரங்காயை விட்டாள். (அதை அவள் எப்போதுமே சாப்பிட்டதில்லை.) நான் சீத்தாப்பழம். அப்பாவின் முறை வந்தது.

"மாம்பழம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு அடுத்தபடி எங்க வீட்டில் மாம்பழப் பைத்தியம் என்றால் அவர்தான்.

மே மாதம் வேன்காரர் ஊத்துக்கோட்டைப் பக்கம் சவாரி போய்வந்தவர், ஒரு கூடை பங்கனபள்ளியை எங்க வாசலில் இறக்கினார். அம்மா அவசரமாக அதைச் சமையல்கட்டுக்குள் மறைக்கப் போனாள். அப்பா ஈஸிசேரிலிருந்து, "எங்க எடுத்துட்டுப் போற? இப்படி வை" என்றார். கத்தியைக்கூட எதிர்பார்க்கவில்லை, தோலோடு கடித்தார்.

"என்னங்க இது? கயாவுல விட்டுட்டு வந்தீங்களே!"

"அது அக்கா கணக்கு. அவ சொன்னதை நான் போய்க் கட்டிட்டு வந்தேன். என் பேர்ல ஒண்ணும் விடலையே?" என்றபடி இரண்டாவதை எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீதான் பி.காம். ஆச்சே, நீயே சொல்லு" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். கணக்குப்படி சரிதான். நாலாவதும் சாப்பிட்டுவிட்டு, கொட்டைகளை அவரே ஒருமுறை எண்ணி வைத்தார்.